பதினாலு குழி

கருவி சென்னிமலையின் கையில் இருந்தால் மட்டுமே கத்தியது. மச்சான் காளிச்சாமி வாங்கிப் பிடித்தால் வாயை மூடிக்கொண்டது. ஏன் என்று சென்னிமலைக்கு விளங்கவில்லை.

சென்னிமலை கணபதி என்ற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தான். 1996இல் வீட்டுக்குக் கேபிள் வந்ததும், வெள்ளைக்காரர்கள் கடற்கரையைத் தடவித் தடவித் தங்கக் காசு எடுக்கும் நிகழ்ச்சியில் விழுந்தான். கருவியைத் தானே செய்தான். கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் செம்புச் சுருள். அதில் மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். பக்கத்தில் உலோகம் வந்தால் புலம் கலையும், ஸ்பீக்கர் 'கீ' என்று கத்தும். டிவிக்காரர்கள் பூட்ஸ் போட்டிருந்ததால், இவனும் வார்ப்புப் பட்டறைக்காரர்கள் போடும் பவுண்டரி பூட்ஸை மாட்டிக்கொண்டு காங்கேயம் பக்கத்தில் காளிச்சாமியின் தென்னந்தோப்புக்கு வந்தான்.

மனைவி பத்மாவதி ஒரு கெடு வைத்திருந்தாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் கருவி மண்ணிலிருந்து ஒரு பொருளையாவது காட்டாவிட்டால், கேபிள் ஒயரை அவளே அறுத்துவிடுவாள். இன்று ஞாயிறு, உச்சிவேளை. பதினாலு குழி ஆகிவிட்டது. குழிக்குள் இறங்கினாலும் கத்தியதால், புதையல் இன்னும் கீழே இருக்கிறது என்று மேலும் வெட்டினான்.

"ஏனுங்க மாப்பிள்ளை, கெடச்சா எனக்கு எத்தனைங்க?" என்றான் காளிச்சாமி.

"வக்கீல்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனுங்க மச்சான். பத்து ரூவாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கோணும். பொருளைக் கஜானாவுல கட்டோணும், இல்லீன்னா ஜாமீன் குடுக்கோணும். சொந்தக்காரன் யாரும் வல்லீன்னா எடுத்தவனுக்கு முக்கா, நெலத்துக்காரருக்குக் காலு."

"குழி பூராம் என்ற தோப்புல, எனக்குக் காலா? தென்னை வேரை அறுத்ததுக்குச் சட்டத்துல என்னங்க போட்டிருக்குது?"

"கலெக்டருக்கு அப்பறம் எழுதிக்கலாம், சோறு ஆறுது!" என்று தோப்பிலிருந்த அண்ணன் வீட்டிலிருந்து பத்மாவதி கூப்பிட்டாள்.

சென்னிமலை பூட்ஸை வாசலில் கழற்றி, கருவியைப் பக்கத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனான். அணைக்க மறந்துவிட்டான். முதல் வாய் சோற்றிலேயே வாசலில் 'கீ' என்று ஒரே அலறல்.

"ஊட்டு வாசல்லயே இருக்குதாட்டங்குது!" காளிச்சாமி கடப்பாரையோடு ஓடினான்.

பத்மாவதி ஒரு குச்சியால் பூட்ஸைத் தள்ளினாள். அலறல் நின்றது. திரும்பக் கிட்டே தள்ளினாள். அலறியது.

"அண்ணா, கடப்பாரையைக் கீழ வெய்யுங்க. பொதையலு இவரு பூட்ஸுக்குள்ள இருக்குது."

பவுண்டரி பூட்ஸின் முனையில், கனமான இரும்பு விழுந்தாலும் விரல் நசுங்காதபடி உள்ளே ஒரு இரும்பு மூடி உண்டு. சுருளோ காலுக்கு ஒரு சாண் முன்னால் ஆடுகிறது. காளிச்சாமி தன் தோப்பில் எந்நாளும் செருப்புப் போட்டு நடந்தவனில்லை.

சென்னிமலை கருவியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தோப்புக்குள் ஓடினான். கருவி அரைமணி நேரம் சும்மா இருந்து, கிணற்றோரம் ஓரிடத்தில் மட்டும் கத்தியது. ஒரு சாண் ஆழத்தில் துருப்பிடித்த மாட்டு லாடம்.

"நம்ம மயிலைக் காளையோடதுங்க!" என்றான் காளிச்சாமி.

"எத்தனை பெறும், அண்ணா?" என்றாள் பத்மாவதி.

"ரெண்டு ரூவா பெறாது அம்மணி. இதுல எனக்குக் காலுங்களா மாப்பிள்ளை?"

"முழுசும் வெச்சுக்கங்க மச்சான். கலெக்டருக்கும் எழுத வேண்டீதில்லீங்க."

கேபிள் ஒயர் தப்பியது. கருவியில் பழுதே இல்லை. தேடுகிறவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.