பெரட்டுப் பழக்கம்

ஒரு கட்டிலில் இரண்டு பெண்கள். தலைப்பக்கம் ஒருத்தி, கால்பக்கம் ஒருத்தி. வேறு கட்டில் இல்லை என்று கைவிரித்த அரசாங்க ஆஸ்பத்திரி, பச்சை அங்கியை மட்டும் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தது.

தலைப்பக்கம் இருந்தவள் ஷாமிலா. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் மடி காலி. கழுத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு கழலை. அதை எடுத்தால் கர்ப்பம் தங்கக்கூடும் என்று கிளினிக் டாக்டர் சொன்ன ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் காத்திருந்து வந்து சேர்ந்தவள். கால்பக்கம் இருந்த சண்முகவடிவு தலவாக்கலைக்காரி. நாலு பிள்ளை பெற்றவள். கூடை சுமந்தே அடியிறங்கிப்போன கர்ப்பப்பையை அகற்ற வந்திருந்தாள். இருவருக்கும் அன்று காலையில்தான் ஆபரேஷன்.

"பயமா இல்லையாக்கா?"

"எனக்கென்னடி பயம். நாலு பேரு குடியிருந்த லயம், கூரை சரிஞ்சு போச்சு, இடிச்சுத் தள்ளுறாங்க. ஒங்க வீட்டுக்குத்தான் இனிமே ஆளு குடிவரணும்."

"போங்கக்கா."

"பொம்பளப் புள்ளைன்னா வடிவுன்னு பேரு வையி. ஆம்பளைன்னா, ஒம் புருசன் மூக்கு வராம இருக்கணும்னு வேண்டிக்க." சிரித்துக்கொண்டே எழுந்தாள் சண்முகவடிவு. "இரு, கக்கூசுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

அவள் மறைந்த சிறிது நேரத்தில் தள்ளுவண்டியோடு சிப்பந்தி வந்தான். கதவருகே நின்று பெயரைக் கூப்பிட்டான்.

"சண்முகவடிவு."

ஷாமிலா யோசிக்கவில்லை. யோசிக்க அங்கே என்ன இருந்தது? விடிந்தும் விடியாத பனியில் தோட்டத் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் பெரட்டு. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருபவள் வந்து சேர்வதற்குள் அவள் பேர் வந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பாள். கொடுக்கத் தவறினால் அன்றைக்கு அரைப்பேர். பாதிச் சம்பளம் பறிபோகும். தாய் அப்படிக் குரல் கொடுத்தாள், மாமியாரும் கொடுத்தாள். பிழைப்பதற்காகக் கற்ற பாசம் அது.

"இருக்கு" என்றாள், கையையும் தூக்கினாள்.

கட்டிலில் தொங்கிய அட்டைகளில் சண்முகவடிவினுடையதை எடுத்து வண்டியில் போட்டுவிட்டு, ஏறும்படி சைகை காட்டினான் சிப்பந்தி.

"அக்கா எனவா" என்றாள், தெரிந்த சிங்களத்தில், அக்கா வருகிறாள் என்று சொல்ல.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டான் அவன், முகம் பாராமலே.

தன் முறையும் வந்துவிட்டது போலும், அக்கா பின்னால் வருவாள் என்று எண்ணி ஏறிப் படுத்தாள். உத்தியோக உடுப்பு கைநீட்டிய திசையில் நடந்து பழகிய உடம்பு. ஏன் என்று கேட்க அதற்கு எவர் கற்றுக்கொடுத்தார்?

ஆபரேஷன் அறையில் அவளை உட்காரவைத்து முதுகை வளைத்தார்கள். இடுப்பெலும்பின்மீது சில்லென்று மருந்து வழிந்தது. கழுத்துக்கு வந்தவளுக்கு இடுப்பில் ஏன் மருந்து? முகமூடி வைத்துத் தூங்கவைப்போம் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்?

அவள் நடுக்கத்தைக் கண்ட இளம் பெண் டாக்டர் அன்போடு தோளைத் தட்டினாள். "லமயி ஹதரய் நேத?"

பிள்ளைகள் நாலுதானே என்கிறாள். சந்தையில் காய்கறி வாங்கிப் பழகிய சிங்களம் போதும் அதற்கு.

நாலு.

அந்த எண் யாருடையது என்பது ஷாமிலாவுக்கு விளங்கியது. பின்னால் ஊசியை உயர்த்தும் அசைவு தெரிந்தது. குரல் எழவில்லை. தோளைத் தட்டிய அந்தக் கையுறைக் கையை இரண்டு கைகளாலும் பற்றி, இழுத்து, தன் கழலையின்மீது அழுத்தினாள்.

"லமயி நே" என்ற சொல் பிறகுதான் வந்தது. "புள்ள இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல. இங்கதான். கழுத்துல."

டாக்டர் அட்டையை எடுத்தாள். அதிலிருந்த வயதைப் பார்த்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்றவர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"உன் பெயர் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டாள் டாக்டர். கத்தி வயிற்றுக்கு அருகே வந்த பிறகு கேட்கப்பட்ட கேள்வி. அன்று காலையிலிருந்து அதை வேறு எவரும் கேட்டிருக்கவில்லை.

மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்து அதே கட்டிலில் விட்டார்கள்.

"என்னடி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? கழுத்து அப்புடியே இருக்கு?" என்ற சண்முகவடிவு, அவள் இரு கைகளும் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருப்பதைக் கண்டு கிட்டே வந்தாள். ஷாமிலா துண்டு துண்டாகச் சொன்னாள். கேட்டு முடித்தபோது அந்தப் பெரியவளின் முகத்தில் இரத்தம் இல்லை.

"எனக்காகவா கை தூக்குன?"

"ஒங்களுக்கு அரைப்பேரு விழுந்துருமேன்னுதாங்கக்கா."

சண்முகவடிவு அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருந்தார்கள் இருவரும், மீண்டும் வண்டிச் சக்கரம் கிறீச்சிடும்வரை.

"ஷாமிலா."

ஷாமிலாவின் கைகள் அடிவயிற்றை விடவில்லை. சிப்பந்தி இரண்டாம் தடவை கூப்பிட்டான். பதில் வராததால் வண்டியைத் திருப்பினான். அப்போது சண்முகவடிவின் வலது கை, அவளை அறியாமலே, மேலே எழுந்தது.

அந்தரத்தில் அதை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினாள் ஷாமிலா. தானே எழுந்து நின்றாள்.

"நான்தான் ஷாமிலா" என்றாள், கழலையில் விரலை ஊன்றி. "கழுத்துக்கு. கழுத்துக்கு மட்டும்."