இரண்டாவது பிரேக்

"ரிவர்ஸ் போடுங்க டாக்டர். கிளட்ச்சை மெதுவா விடுங்க."

பல் டாக்டரம்மா மெதுவாகத்தான் விட்டார். ஆனால் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரில் காலை வைத்துவிட்டார். கார் பின்பக்கமாகப் பாய்ந்தது. அங்கே நின்றிருந்த பழவண்டிக்காரர் தராசைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள், பக்கத்து இருக்கையில் இருந்த மாஸ்டரின் கால் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒன்று, சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று. மாஸ்டரின் கால் அந்த இரண்டாவது பிரேக்கிலேயே குடியிருந்தது. வீட்டில் டி.வி. பார்க்கும்போதுகூட, யாராவது வேகமாகக் காரோட்டினால் அவர் கால் தரையை அழுத்தும். மகன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"பல்லு பிடுங்கும்போதுகூட என் கை நடுங்கினதில்ல மாஸ்டர். இந்த ஸ்டியரிங்கைத் தொட்டா உதறுது," என்றார் டாக்டரம்மா.

இந்த இடத்தில் மாஸ்டர் வழக்கமாக ஒன்று சொல்வார். 'பின்னாடி பார்க்காம ஒரு அடிகூட நகரக்கூடாது' என்பார். அவரிடம் கார் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். மகன் போனதிலிருந்து அவருக்கு அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை. "இன்னிக்கு இது போதும் டாக்டர்," என்று மட்டும் சொன்னார்.

மகன் ஒரு துணிக் கிடங்கில் வேலை பார்த்தவன். மூன்றாவது மாடியில் இருந்து துணிக்கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சரக்கு லிஃப்டுக்குள் பின்புறமாக நடந்து இழுத்துப் போக வேண்டும். அந்த மாடியில் லிஃப்ட் வந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும். அதற்கென்று கதவில் ஒரு தாழ் உண்டு. அது வெகுநாளாக உடைந்து கிடந்தது. ஆட்கள் கதவைக் கயிற்றால் கட்டி வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள், கதவு திறந்து கிடந்தது, லிஃப்ட் கீழே இருந்தது. வண்டியை இழுத்தபடி பின்னால் நடந்தவன் வெறும் இருட்டில் காலை வைத்துவிட்டான்.

கிடங்கின் மேல் அவன் மனைவி வழக்குப் போட்டிருந்தாள். அன்று மாலை மாமனாரையும் மருமகளையும் வக்கீலம்மா தன் அறைக்கு அழைத்திருந்தார். விசிறி சத்தம் போட்டுச் சுற்றியதே தவிர, காற்று வந்தபாடில்லை.

"கிடங்கு தரப்புல பதில் வந்திருக்கு," என்றார் வக்கீலம்மா. "தாழ் உடைஞ்சதைப் பத்தி அவங்க பேசவே இல்ல. உங்க பையன் கவனக்குறைவா நடந்ததாலதான் செத்தார்ங்கறாங்க. அதைச் சொன்னதே நீங்கதானாம்."

மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. "நானா?"

"துக்கம் விசாரிக்க வந்த மேனேஜர்கிட்ட, 'பின்னாடி பார்க்காம போகாதடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கேக்கலியே பாவி'ன்னு சொன்னீங்களாம். பெத்த அப்பா, அதுவும் டிரைவிங் கத்துக்கொடுக்கிறவர், அவரே ஒத்துக்கிட்டார்னு எழுதியிருக்காங்க."

சொன்னதுதான். மகனை எடுத்துப் போவதற்கு முன், வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மேனேஜர் தலையைத் தலையை ஆட்டினார். வந்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் அவசரம் என்றார், ஒருவர் விதி என்றார். துக்க வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. ஏதாவது சொல்லியாக வேண்டும், எதிர்த்துப் பேச முடியாதவன் படுத்திருக்கிறான், பழியை அவன் தலையில் போட்டுவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

"நீங்க கோர்ட்டுக்கு வந்து பேசணும்," என்றார் வக்கீலம்மா.

"சொன்னதை இல்லேன்னு சொல்லச் சொல்றீங்களா? இந்த வயசுல பொய் சாட்சி சொல்ல மாட்டேம்மா."

"இல்லேன்னு சொல்ல வேண்டாம். ஏன் சொன்னீங்கன்னு சொல்லுங்க, போதும். இது அப்படியே நின்னா கேஸ் நிக்காது. உங்க பையன் தன் தப்பால செத்தார்னு தீர்ப்பாயிடும்."

மாஸ்டர் எழுந்துகொண்டார். மாடிப்படி இறங்கும்போது மருமகள் முன்னால் போனாள். கடைசிப் படியில் நின்றாள். செருப்புக் கடையில் பில் போடும் பெண், யாரிடமும் குரலை உயர்த்தியவள் இல்லை.

"மாமா, அன்னிக்கு நீங்க சொன்னதை உள்ள இருந்து நானும் கேட்டேன்."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு நெஞ்சு மேல கை வச்சு உட்கார்ந்திருந்தேன். திட்டுறதுக்கு இதுவா நேரம்னு நினைச்சேன். இன்னிக்கு வரைக்கும் உங்ககிட்ட கேக்கல. இப்பவும் கேக்கல. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

வீட்டில் பேத்தி மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வகுப்பு. நாற்காலியை விட்டு இறங்குவதற்கு முன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பும்போதும் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் செய்கிறாள், விளையாட்டு என்று அவர் நினைத்திருந்தார்.

"என்ன கண்ணு அடிக்கடி பின்னாடி பார்க்கிறே?"

"பார்க்காம போனா அப்பா மாதிரி ஆயிடும்னு அன்னிக்கு வாசல்ல நீங்கதானே சொன்னீங்க தாத்தா?"

அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்தார். ஆனாலும் மனது பிடிவாதமாகத்தான் இருந்தது. பார்த்திருக்கலாமே, ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் இருந்திருப்பானே என்று அது திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றது.

மறுவாரம் ஒரு காலையில் காரை எடுப்பதற்கு முன் மாஸ்டர் வழக்கப்படி தன் பக்கத்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கால் தொளதொளவென்று உள்ளே போனது. கம்பி கழன்றிருந்தது. டாக்டரம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் இறங்கிப் போய் முதலாளியிடம் சொன்னார்.

"மெக்கானிக் வர ரெண்டு மூணு நாளாகும் மாஸ்டர். சமாளிச்சு ஓட்டுங்க. உங்க அனுபவத்துக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

"அந்த பிரேக் இல்லாத வண்டியில யாரையும் உட்கார வைக்க மாட்டேன்."

"அவங்கதான் ஓரளவு ஓட்டுறாங்களே. மீறி ஏதாவது ஆச்சுன்னா, ஓட்டத் தெரியாம ஓட்டினாங்கன்னு சொல்லிக்கலாம். நம்ம தலையில விடியாது."

மாஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்ன பேச்சு பேசறீங்க? மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான். அவன் தப்பு பண்ணினாலும் சாகக்கூடாதுன்னுதானே இன்னொரு பிரேக்கை வச்சிருக்கு? அதைக் கழட்டிப் போட்டுட்டு, செத்தவன் மேல..."

முதலாளி அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து தண்ணீர் கொண்டு வந்தார். மாஸ்டர் அங்கேயே படியில் உட்கார்ந்து, மகன் போன அன்றுகூட அழாத அழுகையை அழுதார். விஷயம் புரியாவிட்டாலும் டாக்டரம்மா காரை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எதுவும் சொல்லவில்லை. அது பெரிய உதவியாக இருந்தது.

வழக்கு நாளன்று கோர்ட்டில் கூட்டம் இல்லை. மேனேஜர் எதிர் வரிசையில் இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, நேராகவே கேட்டார்.

"உங்க மகன் பின்னாடி பார்க்காம போனாருன்னு மேனேஜர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேங்க."

மேனேஜர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏன் சொன்னேன்னும் சொல்லிடறேன்," என்றார் மாஸ்டர். நீதிபதி அம்மா தலையசைத்தார். "என் பையனை எனக்குத் திட்டத்தான் தெரியும். கொஞ்சத் தெரியாது. அன்னிக்கும் அதையே செஞ்சேன். அவன் தப்புன்னு நினைச்சா அழுதுட்டுத் தூங்கிடலாம். ஒரு தாழைச் சரி பண்ண யாருக்கும் மனசு வராம அவன் போனான்னு நினைச்சா எப்படித் தூங்கறது? அதைத் தாங்க முடியாமதான் அவன் மேல போட்டேன். நான் போட்டதை இவங்க எடுத்துக்கிட்டாங்க."

"அப்போ உங்க மகன் மேல தப்பே இல்லேங்கறீங்களா?"

"அவன் திரும்பிப் பார்க்காம போயிருக்கலாம். நான் அங்க இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். என் வண்டியில தினமும் யாராவது தப்பு பண்றாங்க. ஒருத்தரும் சாகல. ஏன்னா என் காலடியில பிரேக் இருக்கு. அந்தக் கதவுக்குத் தாழ் இருந்திருந்தா, என் பையன் வந்து கதவுல இடிச்சுக்கிட்டு, முதுகைத் தேய்ச்சுக்கிட்டு நின்னிருப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்கிட்ட திட்டு வாங்கியிருப்பான்."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்தவன் மேல பழி போடறது ரொம்ப சுலபங்க," என்றார் மாஸ்டர். "அவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்ல மாட்டான். ஆனா அப்படிப் போட்டுட்டா, இருக்கிறவங்க யாரும் எதையும் சரி பண்ண வேண்டியதில்ல. அப்புறம் அடுத்தவன் சாவான், அவனையும் நாம இதே மாதிரி திட்டுவோம். பெத்தவனே நான் அதைச் செஞ்சேன். இனிமே யாரும் செய்யாதீங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிர்த்தரப்பைப் பார்த்தார். "அந்தத் தாழை இப்பவாவது சரி பண்ணியாச்சா?"

வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் காலணியைப் பார்த்தார். தாழ் மாற்றும் வரை அந்த லிஃப்டை ஓட்டக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவாயிற்று. கிடங்கின் அலட்சியம்தான் சாவுக்குக் காரணம் என்ற தீர்ப்பு பிறகுதான் வந்தது.

வெளியே வந்ததும் மருமகள், "வெயிலா இருக்கு, ஆட்டோ பிடிக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவளாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

வீட்டில் பேத்தி கட்டிலில் இருந்து பின்பக்கமாக இறங்கப் போனாள். பழக்கப்படி கழுத்து பின்னால் திரும்பியது. மாஸ்டர் போய் அவள் பின்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அப்பா மேல தப்பே இல்ல கண்ணு. தாத்தாதான் தப்பாச் சொல்லிட்டேன். நீ பார்க்காமலே இறங்கு. நான் பிடிச்சுக்கிறேன்."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு அவர் பக்கம் திரும்பாமலே காலைக் கீழே விட்டது.