திட்டிவாசல்

செல்லக்கிளியின் வீட்டு ஆட்கள் பண்டகத்துறைக் கோட்டைக்குள் பின்பக்கமாகத்தான் நுழைவார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். சிரித்தவன் எவனுக்கும் அந்த வீட்டில் பெண் கொடுத்ததில்லை.

கம்பெனிக்காரன் காலத்தில் திருச்சுழிச் சீமையின் பருத்தியெல்லாம் மாட்டுவண்டியில் கமுதி, சாயல்குடி தாண்டி அந்தத் துறைக்குத்தான் போகும். துறையைக் காக்க அவன் கடலோரத்தில் கோட்டை கட்டினான். யானை நுழைகிற அளவுக்குக் கதவு போட்டு, அதை மூடியே வைத்துவிட்டு, அதற்குள் இடுப்புயரமே உள்ள ஒரு சின்னத் திட்டிவாசல் வெட்டினான். உள்ளே போகிறவன் எதிரே பறக்கும் கொடிக்குத் தலை குனிந்துதான் ஆக வேண்டும். பொதி ஏற்றிப்போன வண்டிக்காரர் ஒருவர் அந்த வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தார். பிறகு திரும்பி நின்று குனிந்து, பின்பக்கத்தை முதலில் உள்ளே அனுப்பினார். அன்று உள்ளே போனவர் வெளியே வரவில்லை. அவருடைய சொந்தப் பெயரே யாருக்கும் நினைவில்லை. இப்போது அவர் கோட்டைச்சாமி. உள்ளே கிணற்றடியில் ஒரு கல்லாக நிற்கிறார்.

அந்த வம்சத்தில் கல்யாணம் நிச்சயமான பெண் அங்கே போக வேண்டும். கோட்டை வாசலுக்கு வெளியே சொந்த ஊர்க் கரிசல் மண்ணைப் பரப்பி, அதன்மேல் அடுப்புக் கூட்டி, குதிரைவாலி பொங்கி, உள்ளே கொண்டுபோய்க் கல்லுக்குப் படைக்க வேண்டும். படைக்காமல் தாலி ஏறாது. உள்ளே போகும்போது பின்பக்கம் முன்னால். வெளியே வரும்போது முகம் முன்னால். வெளியே பார்த்துக் குனிந்தால் அது நம் மண்ணுக்குக் குனிந்தது. அதிலே குறைச்சல் ஒன்றுமில்லை.

துறையை மணல் மூடி, கப்பல்கள் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்ட பிறகு கோட்டையில் ஆந்தைதான் குடியிருந்தது. ஆந்தைக்கும் பின்பக்கத்தைக் காட்டித்தான் நுழைந்தார்கள். வழக்கம் என்றால் வழக்கம்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் கடல்வழியாக வந்துவிடுவான் என்று பேச்சுக் கிளம்பியது. ஆந்தை போய்ப் பட்டாளம் வந்தது. கொடிமரம் மறுபடி நின்றது. துருப்பிடித்துக் கிடந்த பெரிய கதவுக்கு லாரி போய்வர எண்ணெய் போட்டார்கள். வாசல் காவலுக்குக் கூலியாள் எடுத்தபோது செல்லக்கிளியின் அத்தை மகன் சோலைச்சாமி போய்ச் சேர்ந்தான். அவனைத்தான் அவளுக்குப் பேசியிருந்தது. ஆவணியில் கல்யாணம். “உத்தரவு வாங்கிட்டேன், ஆடியிலேயே கிளியக் கூட்டிட்டு வந்து படைச்சிருங்க” என்று சொல்லியனுப்பியிருந்தான்.

அய்யா சந்தனம் வண்டி பூட்டினார். செல்லக்கிளியும், சோலைச்சாமியைப் பெற்ற மாயக்காள் அத்தையும் ஏறிக்கொண்டார்கள். பானையும் கரிசல் மண் கட்டிய துணிமூட்டையும் செல்லக்கிளியின் மடியை விட்டு இறங்கவில்லை.

கோட்டையைக் கண்டதும் சந்தனம் வண்டியை அவிழ்த்தார். வாசலில் காக்கிச் சட்டையும் பெல்ட்டுமாகச் சோலைச்சாமி நின்றான். ஆள் நன்றாகத்தான் இருந்தான். செல்லக்கிளிக்குச் சந்தோஷம் பொங்கியது. அவன் முகத்தில் மட்டும் எதுவும் பொங்கவில்லை.

“மாமா, ஒரு வார்த்தை” என்று அவன் இழுத்தான்.

அவன் இழுத்து முடிப்பதற்குள் சந்தனம் வேட்டியை மடித்துக் கட்டி, திட்டிவாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துவிட்டார். பானையை வாங்க முதலில் ஒருவர் உள்ளே போவது முறை. பாதி உடம்பு உள்ளே போயிருக்கும். உள்ளிருந்து ஒரு பூட்ஸ் கால் அவரை வெளியே தள்ளியது. மனிதர் மணலில் குப்புற விழுந்தார்.

பின்னாலேயே அந்தப் பூட்ஸ்காரன், பட்டாளத்து அவல்தார், வெளியே வந்தான். “கொடிக்கு எதக் காட்டிட்டு வர்ற கெழவா? ஏம்ப்பா காவல், நீ என்ன சொல்லி உத்தரவு வாங்குன?”

சோலைச்சாமி தரையைப் பார்த்தான். “நேராக் குனிஞ்சு வருவாகன்னு சொன்னேங்க.”

அய்யா விழுந்ததைவிட அந்தச் சொல் செல்லக்கிளிக்கு வலித்தது.

“அப்ப நேராக் குனிஞ்சு வரச் சொல்லு. இல்ல, வந்த வழியே போகச் சொல்லு. உன் பெல்ட்டையும் கழத்தி வச்சிட்டு நீயும் கூடவே போ.” சொல்லிவிட்டு அவல்தார் உள்ளே போய்விட்டான். அவன் முகம் முன்னால்தான் குனிந்து போனான் என்பதைச் செல்லக்கிளி கவனித்துக்கொண்டாள்.

சோலைச்சாமி கெஞ்ச ஆரம்பித்தான். “ஒரு தடவதான மாமா. யாரு பாக்கப் போறா? மூணு வருசமா மழையில்ல, காட்டுல என்ன கெடக்கு? இந்த வேலையும் போச்சுன்னா கிளிக்குக் கஞ்சி எங்கிட்டிருந்து ஊத்துவேன்?”

மாயக்காள் மகனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தனம் மீசையில் ஒட்டிய மணலைத் தட்டினார். பெண்ணைப் பெற்றவர். கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருடைய முதுகெலும்பைக் கொஞ்சம் இளக்கிவிட்டது.

“காலத்துக்குத் தக்கன... போயிருவோமா தாயி?” என்றார்.

“நீங்க போங்கய்யா. நான் போக மாட்டேன்.”

“படைக்கலேன்னா தாலி ஏறாது தாயி.”

“ஏறாட்டிப் போகுது.”

சின்ன வயசிலிருந்து மச்சான் மச்சான் என்று நினைத்துக் கிடந்தவள் அவள். ஆனாலும், கிணற்றடிக் கல்லின் முன்னால் போய், “நான் குனிந்துதான் வந்தேன் பாட்டையா” என்று எந்த வாயால் சொல்வது?

அப்போது கிழக்கே தூசி கிளப்பிக்கொண்டு தண்ணீர் லாரி வந்தது. கோட்டைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்க ஒரு வாய் வேண்டுமென்றாலும் வெளியிலிருந்து பீப்பாயில்தான் வர வேண்டும். லாரி வந்து நின்று ஆரன் அடித்தது. குறுக்குக் கட்டையை எடுக்கச் சோலைச்சாமி திட்டிவாசலில் குனிந்து உள்ளே ஓடினான். அவல்தார் உத்தரவு கொடுத்தால்தான் அதை எடுக்கலாம்.

செல்லக்கிளி பெரிய கதவை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை தலைமுறையாக அது திறந்து அவர்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. துருவேறிக் கிடந்த கதவை நம்பி யாரும் வழக்கம் வைக்க மாட்டார்கள். இன்றைக்கு அது திறக்கப் போகிறது.

மூட்டையை அவிழ்த்து, பெரிய கதவுக்கு நேர் எதிரே, லாரிக்கும் கதவுக்கும் நடுவில் கரிசல் மண்ணைக் கொட்டிப் பரப்பினாள். மூன்று கல்லை வைத்தாள். பானையை ஏற்றினாள். “அத்த, பருத்திமார எடுங்க” என்றாள். மாயக்காள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு வண்டியிலிருந்த காய்ந்த பருத்திக் குச்சிகளை வாரிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்தாள். தீ குப்பென்று பிடித்தது.

அவல்தார் மறுபடி வெளியே வந்து, அடுப்பைப் பார்த்துக் குதித்தான். “எந்திரி! வண்டி போகணும்!”

“பொங்குற பானைய எறக்கப்படாதுங்க.”

“மிதிச்சுத் தள்ளிருவேன்!” என்று காலைத் தூக்கினான்.

“மிதிங்க” என்றாள் செல்லக்கிளி. “கல்யாணப் பானை. மிதிச்சவுக வீடு எப்பிடி வெளங்குதுன்னு நானும் பாக்கேன்.”

அவனும் எங்கோ ஒரு பானை பொங்கிய வீட்டில் பிறந்தவன்தானே. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அவன் லாரிக்காரனைத் திரும்பிப் பார்த்து, “அடுப்பு மேல ஏத்து வண்டிய!” என்றான்.

லாரிக்காரன் பந்தல்குடிக்காரன், பெயர் காளிராஜ். அவன் இன்ஜினையே நிறுத்திவிட்டான். “அடப் போங்க சார். பொங்கப் பானை மேல வண்டி ஏத்திட்டு நான் ஊருக்குள்ள போய்ச் சோறு திங்க முடியுமா?” என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

உள்ளே பட்டாளத்து வெள்ளைக்காரத் துரை தண்ணீருக்குக் கத்துவது கேட்டது. அவல்தார் இறங்கி வந்தான். “சரிம்மா. பொங்குனதும் தூக்கிட்டு ஓரமாப் போ. அப்புறம் கதவத் தொறப்போம்.”

“மொதல்ல தொறங்க. அப்புறம் நான் தூக்குதேன்.”

பானை பொங்கியது. கருப்பட்டி வாசத்தோடு நுரை வழிந்து கரிசல் மண்ணில் இறங்கியது. மாயக்காள் யாரையும் கேட்கவில்லை. குலவையிட்டாள். மகனுடைய வேலை போவதற்கும் சேர்த்துத்தான் அந்தக் குலவை என்று அவளுக்குத் தெரியும்.

செல்லக்கிளி கதவின் அருகே போய் நின்று, உள்ளே இருப்பவனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

“மச்சான், ஒங்களுக்குக் குனிஞ்சு வர்றவ வேணுமா, நிமிந்து வர்றவ வேணுமா? குனிஞ்சு வர்றவதான்னா வேற எடத்துல பாத்துக்கங்க. நான் இந்தப் பொங்கலக் கடல்ல கொட்டிட்டு ஊருக்குப் போறேன்.”

கதவு அசையவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் செல்லக்கிளி தன் கல்யாணத்தை மனசுக்குள் ஒருமுறை புதைத்தே விட்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

குறுக்குக் கட்டை தடாலென்று கீழே விழுந்தது.

“யார்றா தொறக்கச் சொன்னது?” என்று அவல்தார் அலறினான். கதவு அதற்குள் இரண்டாகப் பிளந்து உள்வாங்கிவிட்டது.

செல்லக்கிளி துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தாள். அத்தையும் அய்யாவும் பிடித்துக் கொடுக்க, பானையைத் தலையில் ஏற்றினாள். தலையில் சுடு பானை இருக்கிறவளால் குனிய முடியாது, நினைத்தாலும் முடியாது. வீட்டின் முதல் ஆளாக, முகம் முன்னால், கொடிக்கு நேர் எதிரே நடந்தாள். லாரி அவள் பின்னால் ஊர்ந்து வந்தது. கொடியை அவள் பார்க்கவுமில்லை.

கதவோரத்தில் சோலைச்சாமி நின்றான். பெல்ட் ஆணியில் தொங்கியது. அவனே கழற்றிவிட்டான்.

கல்லுக்குப் படைத்து, விழுந்து கும்பிட்டார்கள். லாரி உள்ளே வந்ததும் பெரிய கதவைச் சாத்தியிருந்தார்கள். அதனால் திரும்பும்போது திட்டிவாசல்தான். முகம் முன்னால், தங்கள் மண்ணைப் பார்த்து ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே வந்தார்கள். சோலைச்சாமியும் வந்தான்.

செல்லக்கிளி அவனை நிறுத்தினாள். “இம்புட்டு நாளா நீங்க நேராக் குனிஞ்சு போய்ட்டு வந்தீகளே மச்சான், அதுக்கு என்ன சொல்லப் போறீக?”

அவன் பட்டாளத்துக் காக்கிக் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, திட்டிவாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். உள்ளே கொடிக்குக் கீழே அவல்தார் நின்றுகொண்டிருந்தான். சோலைச்சாமி அவசரப்படவில்லை. பின்பக்கமாக உள்ளே போய், நிமிர்ந்து நின்று, மறுபடி முகம் முன்னால் வெளியே வந்தான்.

“இப்பப் போகலாமா கிளி?”

“வண்டியப் பூட்டுங்க” என்றாள்.