நகலுக்கு மட்டுமே சாட்சி

திங்கட்கிழமை காலை நீதிமன்றக் கதவைத் திறந்த கையோடு ஐனா மெக்கில்ராய் உள்ளே வந்தாள். அக்குளில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மழைக்கோட்டை வாசலிலேயே கழற்றி உதறி, ஈரம் உள்பக்கம் போகும்படி மடித்து, பதிவாளரான என் மேசைக்குக் கொண்டுவந்தாள். மழை நிற்காத எங்கள் ஊரில், இன்னொருவர் துடைக்க வேண்டிய தரையைப் பற்றி நினைக்கிறவர்கள் குறைவு.

"மிஸ்டர் டாரோக், என் விவாகரத்துத் தீர்ப்போட நகல் வேணும். சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். போதகர் பேப்பர் கேக்கறார்."

தட்டச்சு இயந்திரத்தின் பின்னாலிருந்து எழுத்தர் மாவிஸ் எட்டிப் பார்த்தாள். "மாப்பிள்ளை கிளாரி பாயில்தானே? அவர் இருமற சத்தம் ஆத்தைத் தாண்டி எங்க வீட்டுக்கே கேக்குதே கண்ணு."

"அதனாலதான் அவசரம். அடுத்த திங்கக்கிழமை கிறைஸ்ட்சர்ச் ஆஸ்பத்திரில ஆபரேஷன். சுரங்கத்துத் தூசி நுரையீரலைத் தின்னுடுச்சு. சொந்தக்காரங்களை மட்டும்தான் பக்கத்துல விடுவாங்களாம். அவருக்குன்னு ஒரு ஈ காக்கா கிடையாது. கண்ணு முழிக்கும்போது பொண்டாட்டின்னு ஒருத்தி உக்காந்திருக்கணும், அது போதும்ங்கறார்."

டப்பாவில் ஒரு மோதிரமும் நான்காக மடித்த தாளும் இருந்தன. தாளைப் பிரித்தேன். 1958 மே 22. மனுதாரர் டேவிட் மெக்கில்ராய், மீனவர். பெரிய சிவப்பு முத்திரை. அதற்கு மேலே, நான் பார்க்க விரும்பாத ஒரு சொல்: நைசை.

லத்தீனில் அதற்கு 'இல்லாவிட்டால்' என்று பொருள். மூன்று மாதத்துக்குள் யாரும் தக்க தடை சொல்லாவிட்டால் இந்தத் திருமணம் முறியும் என்பதுதான் அந்தத் தாள் சொல்வது. கெடு முடிந்ததும் மனுப் போட்டவரே வந்து இறுதி ஆணை கேட்டு வாங்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் முதல் தாளோடு எல்லாம் முடிந்தது என்று மோதிரத்தோடு போட்டு மூடிவிடுவார்கள். அவ்வளவு பெரிய முத்திரையைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

அவளுக்கு மெதுவாகச் சொன்னேன். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அப்போ இருபத்தொரு வருஷமா நான் டேவி பொண்டாட்டியாவா இருக்கேன்?"

"அவர் திரும்ப வந்து இறுதி ஆணை வாங்கியிருந்தா இல்லை. கோப்பைப் பாத்தாத்தான் தெரியும்."

"எப்படி வந்திருப்பான்? அந்த ஜூன் பதினொண்ணாந்தேதி ஆத்து முகத்துவாரத்துல படகோட போயிட்டானே. பலகை மட்டும் கரை ஒதுங்குச்சு. ஆள் கிடைக்கலை."

உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழும் இல்லை. இறந்தவராக அறிவிக்கச் சொல்லி மேல்நீதிமன்றம் போனால் கிறிஸ்துமஸுக்குக்கூட முடியாது. சட்டத்தின் கண்ணில் அவள் ஒரு காணாமற்போன மனிதனின் மனைவி.

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க," என்றேன். என்ன நம்பிக்கையில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அட்டவணையில் எண் இருந்தது: 31/1958. பெட்டக அறையில், ஆங்கில 'எம்' எழுத்துக்கான அலமாரியில் அந்தக் கோப்பு இல்லை. மெக்கில்ராய் என்ற பெயர் வர வேண்டிய இடத்தில் விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை. அன்று மாலைவரை தேடினேன்.

கோப்பை யார் பார்க்க வந்தாலும் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்திட ஒரு பார்வைப் பதிவேடு உண்டு. கடைசியாக எடுத்தவர் யார் என்று பார்ப்போமே என 1958-ஆம் ஆண்டுப் பதிவேட்டைப் பிரித்தேன். செப்டம்பர் மாதப் பக்கம் அலையடித்த மணல்போல் நெளிந்து காய்ந்திருந்தது. நான்காம் தேதிக்கு நேராக ஒரே ஒரு வரி. மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது.

31/1958. டி. மெக்கில்ராய். சொந்த வழக்கு.

ஜூன் பதினொன்றில் கடலுக்குப் போனவர். செப்டம்பர் நான்கில் கையெழுத்து. கோப்பு திரும்பி வந்ததற்கு எழுத்தர் சுருக்கொப்பம் இடும் கட்டம் காலியாக இருந்தது.

யாராவது விளையாடியிருப்பார்கள், அல்லது தேதி தவறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

மறுநாள் செவ்வாய், செப்டம்பர் நான்கு. தேதியை நான் கவனித்தது பிறகுதான். மூன்று மணிக்கு முகப்பு மேசையில் இருந்த அழைப்பு மணி அடித்தது.

"வரேன் வரேன்," என்று மாவிஸ் எழுந்து போனாள். யாருமில்லை. "வருஷா வருஷம் வைட்பெயிட் மீன் சீசன் தொடங்கின வாரம் இந்த மணிக்குப் பைத்தியம் பிடிக்குது. காத்துதான்," என்று திரும்பி வந்தவள் கீழே பார்த்து நின்றாள். "ஹெக்டர், கூரை ஒழுகுது பாருங்க. நேத்துத்தான் துடைச்சேன்!"

மேசையடியில் குட்டையாகத் தண்ணீர். நான் கூரையைப் பார்த்தேன். காய்ந்த பலகை. குட்டையிலிருந்து ஒரு அடிக்கு ஒரு திட்டாக, மேசையோரப் பலகைக் கதவின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும், பெட்டக அறையை நோக்கி ஈரம் போயிருந்தது. உப்பும் கடற்பாசியும் கலந்த வாடை. மழைத்தண்ணீருக்கு அந்த வாடை கிடையாது.

பெட்டக அறையின் கதவு பூட்டியிருந்தது. சாவி என் சங்கிலியில். திறந்தேன். ஈரத்தடம் உள்ளேயும் போயிருந்தது. 'எம்' அலமாரியில் நிற்காமல் அதைக் கடந்து, சுவரோரம் யாரும் தொடாத 'ஐ' அலமாரியின் முன்னால் முடிந்திருந்தது. அங்கே இரண்டு பாதம் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. யாரோ பொறுமையாகக் காத்து நின்ற இடம்போல.

"கர்த்தாவே," என்றேன். என் வாய்மூச்சு புகையாக எழுந்தது.

அப்போதுதான் பிரிங்கிள் ஞாபகம் வந்தது. எனக்கு முன் பதிவாளராக இருந்தவர்; ஸ்காட்லாந்துக்காரர். 'மக் என்றால் மகன். இந்த ஊரில் எல்லாரும் எவனுக்கோ மகன்தான். அந்த எழுத்தில் அடுக்கினால் ஒரு அலமாரி வெடிக்கும், மற்றவை பட்டினி கிடக்கும்' என்பார். மக்கை விட்டுவிட்டு அடுத்த எழுத்தில்தான் அடுக்குவார்; மெக்கில்ராயில் 'மெக்' போனால் ஆங்கிலத்தில் மிஞ்சுகிற முதல் எழுத்து 'ஐ'. அவர் ஓய்வுபெற்றதும் நான் எல்லாவற்றையும் 'எம்'முக்கு மாற்றினேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

ஐசக்ஸ் வழக்குக்கு முன்னால் இருந்தது 31/1958. காய்ந்த கோப்பு. உள்ளே நைசை ஆணை; அதன்மேல் இறுதி ஆணை கேட்கும் மனு, செப்டம்பர் 4 தேதியிட்டது; அதற்கும் மேல் முத்திரையோடு இறுதி ஆணை. மனுவின் ஓரத்தில் பிரிங்கிளின் பென்சில் எழுத்து:

'மனுதாரர் நேரில் வந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. கழுத்தில் பச்சை மப்ளர், நனைந்து சொட்டியது. மனு முறையாக இருந்தது. மறுக்க எனக்குக் காரணம் இல்லை. கர்த்தர் அறிவார்.'

அதை நான் மூன்று முறை படித்தேன். திரும்பிப் பார்த்தபோது தரையில் இருந்த இரண்டு பாத ஈரமும் சுருங்கிக்கொண்டிருந்தது.

நகல் எடுத்தால் ஒருவர் மூலத்தை வாசிக்க, ஒருவர் நகலைச் சரிபார்க்க வேண்டும். மறுநாள் மாவிஸ் வாசித்தாள். தேதியில் நின்றுவிட்டாள்.

"ஹெக்டர். அந்தப் படகு போனது ஜூன்ல. எங்கப்பாவும் தேடப் போனார்."

"தேதியைப் படி மாவிஸ்."

"செத்தவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?"

"நாம போடற முத்திரைல என்ன இருக்கு?"

"'உண்மை நகல்'."

"மூலத்துல உள்ளதும் நகல்ல உள்ளதும் ஒண்ணு. அதுக்கு மட்டும்தான் நாம சாட்சி."

"சாமர்த்தியமாப் பேசறீங்க. ராத்திரி தூக்கம் வருமா?"

அதையும் யோசித்திருந்தேன். டேவி உயிரோடு வந்து கையெழுத்திட்டிருந்தால் ஆணை செல்லும், அவள் விடுபட்டவள். அதற்கு முன்பே இறந்திருந்தால் அவள் விதவை, அப்போதும் விடுபட்டவள்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நோயாளியின் கட்டிலருகே அவள் உட்காரத் தடையில்லை. தடை சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார்; அவரே வந்து வழிகாட்டிவிட்டுப் போனார். "வரும்," என்றேன்.

மாவிஸ் முத்திரையை ஊதிக் கொடுத்தாள். "தப்பா இருந்தா உங்க தலையில. பேத்தி மாதிரி நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்னு சொல்லிடுவேன்." அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.

வியாழக்கிழமை ஐனா வந்தாள். நகலைக் கொடுத்தேன். பென்சில் குறிப்பு மனுவின் ஓரத்தில் இருந்ததால் ஆணையின் நகலில் அது வரவில்லை. அதைப் பற்றி நான் வாய் திறக்கவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தீர்ப்பு வந்த அன்னைக்கு இந்தப் படியிலதான் நின்னுட்டிருந்தோம்," என்றாள். "பேசறதுக்கு ஒண்ணும் இல்லை. குளிர் தாங்காம அவன் பல்லு தந்தியடிச்சுது. எப்பவும் காலரைத் திறந்துபோட்டுட்டுத்தான் திரிவான் மடையன். என் மப்ளரைக் கழட்டி அவன் கழுத்துல சுத்தினேன். இனி இவன் யாரோ நான் யாரோதான், அதுக்காக நடுங்கட்டும்னு விட முடியுமா?"

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"பச்சை. நானே பின்னினது. அவன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. 'மிச்சத்தை நானே வந்து முடிச்சுக் குடுக்கறேன், ஐனா'ன்னான். பின்கட்டுல பாதி கட்டின கோழிக்கூடு இருந்துச்சு. அதைச் சொல்றான்னு நினைச்சேன்."

மாவிஸ் எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தாள்.

சனிக்கிழமை மழையில்தான் கல்யாணம் நடந்தது. கிளாரி ஒவ்வொரு வாக்குறுதிக்கும் நடுவில் இருமினார். போதகர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். திங்கட்கிழமை இருவரும் ரயிலேறினார்கள். கிளாரி கண்விழித்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள் என்று பிறகு கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்று மாலை 1958-ஆம் ஆண்டுப் பதிவேட்டை மறுபடி எடுத்தேன். நெளிந்த பக்கத்தில், டி. மெக்கில்ராய் வரிக்கு எதிரே இருபத்தொரு வருடமாகக் காலியாக நின்ற கட்டத்தில், 'கோப்பு திரும்பப் பெறப்பட்டது' என்று என் சுருக்கொப்பம் இட்டேன். பிறகு துடைப்பத் துணியை எடுத்து முகப்பு மேசையடியைத் துடைக்கக் குனிந்தேன்.

தரை காய்ந்திருந்தது. அடுத்த செப்டம்பரில் மணி அடிக்கவில்லை. காற்று மட்டும் எப்போதும்போல் பலமாகத்தான் வீசியது.