கேட்டில் வைத்த கை

ஒரே அறையை மூன்று முறை காட்டுவது எங்கள் சீரியலின் வழக்கம். முதலில் ஓங்கிய கை, அடுத்து கன்னம், கடைசியாகச் சுற்றி நிற்பவர்களின் முகங்கள், ஒவ்வொன்றாக. ஒருவரும் அசைய மாட்டார்கள். யாராவது அசைந்தால் அந்த ஷாட்டை நான் தூக்கிவிடுவேன். எடிட்டர் நான்தான். அறைக்கு இடிச் சத்தம் சேர்ப்பதும் என் வேலை. இதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது, வெட்கக்கேடு.

போன வாரம் என் தங்கை ஒரு பையோடு வீட்டுக்கு வந்து நின்றாள். புருஷன் அறைந்துவிட்டானாம். அம்மா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள், தலையைத் தடவினாள். எல்லாம் செய்துவிட்டு, "ஒரு அறைதானே" என்றாள். நம்ம பொண்ணை அவள் புருஷன் அறையவில்லையா, அவளும் பிறந்த வீட்டில் வந்து உட்காரவில்லையா, கொஞ்சம் பொறுத்துப் பார் என்று ஆறுதல் சொன்னாள். நம்ம பொண்ணு என்றால் ஏதோ சித்தி மகள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சீரியல் கதாநாயகியைத்தான் சொன்னாள்.

தங்கை தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனாள். வெயில் கொளுத்துகிற நாட்களில் முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்றாமல் வளைய வந்தாள். கேட்டால் "குளிருது அக்கா" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை போன் செய்தார். ராத்திரி எட்டு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஏழரைக்கு சீரியல் இருக்கு. அவ என்ன பண்றான்னு பாத்துடுவோம். அவ புருஷன் வீட்டுக்குப் போனா நீயும் கிளம்பு."

தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரிம்மா. அவ போனா நானும் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். முடிவெடுக்கத் தெம்பில்லாமல் அதை டிவியின் தலையில் கட்டிவிட்டாள் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைய எபிசோடை அன்றைக்கே வெட்டி அனுப்புகிற பிழைப்பு எங்களுடையது. இதை நான் இன்னும் வெட்டியிருக்கவில்லை.

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. டைரக்டர் டீயோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"புருஷன் மன்னிப்புக் கேக்குறான், இவ அழுறா, கையப் பிடிச்சு அவன் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறான். அதோட 'தொடரும்' போட்டுடு."

"அவ கேட்டுல கை வச்சிட்டு நிக்கிற ஷாட்டோட நிறுத்திடலாமா சார்?"

"ஏன்?"

"போவாளா மாட்டாளான்னு திங்கக்கிழமை வரைக்கும் வீட்டுக்கு வீடு இதே பேச்சா இருக்கும்."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவர் டீயை உறிஞ்சியபடி யோசித்தார். ஜனங்களைத் தவிக்கவிடலாம் என்றால் எந்த டைரக்டர் வேண்டாம் என்பார்? "பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உள்ளே போவதை வெட்டி எறிந்தேன். நேரம் குறைந்ததற்கு ஈடாக அவள் முகம் தெரிகிற ஷாட்டைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். கேட்டில் கை, நெற்றியில் விழுந்த முடி, அப்படியே உறைந்த படம், தொடரும். என் தங்கையைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் வீட்டுக்கு ஓடினேன்.

ஏழரைக்கு அம்மா, அப்பா, தங்கை, நான், நால்வரும் டிவி முன்னால் இருந்தோம். தங்கையின் காலடியில் பை இருந்தது. விளம்பரம் வந்தபோதுகூட யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் நான் எதிர்பார்த்த இடம் வந்தது. கை, கேட், தொடரும்.

"பாத்தீங்களா, அவ போகல," என்றேன்.

அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தாள். "கேட்டுல எதுக்குக் கை வைக்கிறா? உள்ள போறதுக்குத்தான். திங்கக்கிழமை பாரு, அடுப்படியில நிப்பா."

நான் வெட்டி எறிந்ததை அம்மா தன் மனசிலேயே ஒட்டிப் பார்த்துவிட்டாள். இத்தனை வருஷம் இதையே திருப்பித் திருப்பிக் காட்டிப் பழக்கியது நாங்கள்தான். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. தங்கை எழுந்து வலது கையால் பையைத் தூக்கினாள்.

மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்தார். தேய்த்த சட்டை, தாழ்ந்த குரல். "தப்புதான் அத்தை. ஏதோ கோவத்துல கை நீட்டிட்டேன். இனிமே நடக்காது." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தங்கையிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். அவள் பின்னாலேயே போய்க் கேட்டில் கை வைத்தாள். வாசற்படியில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் அசையவில்லை. நான் வெட்டி ஒட்டுகிற அதே முகங்கள்.

"அவ போகத்தான் போறா," என்றேன், சத்தமாக.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ சொன்னது சரிம்மா. திங்கக்கிழமை உள்ள போறா. கொஞ்ச நாள் நல்லா வச்சுக்குவான். அப்புறம் மாடிப்படியில இருந்து பிடிச்சுத் தள்ளிடுவான்."

பச்சைப் பொய். கதைப்படி அவன் திருந்துகிறான், இருவரும் ஒரு குழந்தையைக் கொஞ்சுகிறார்கள்.

"யாரு, அவனா? இப்பத்தானே மன்னிப்புக் கேட்டான்?"

"மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டுப் போய்த்தான் தள்ளுறான்."

இந்த வீட்டில் என் பேச்சுக்கு என்றைக்கும் மதிப்பு கிடையாது. ஆனால் சீரியல் விஷயத்தில் நான் சொல்வதுதான் அம்மாவுக்கு வேதவாக்கு. அவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. ஒரு சீரியல் கதைக்கு இந்த மனுஷன் ஏன் இப்படி வெளுக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

"என்ன அத்தை, டிவி கதையைப் போய்..." என்று இழுத்தார்.

அம்மா செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய் அவர் கையிலிருந்த பையை வாங்கினாள். "இன்னைக்கு வேணாம் மாப்பிள்ளை."

"ஏய், நீ வா," என்று அவர் தங்கையின் இடது கையைப் பிடித்து இழுத்தார். அவள் "அம்மா!" என்று அலறிவிட்டாள். பிடித்ததற்கு வரக்கூடிய அலறல் இல்லை அது.

"கையை எடுங்க," என்றார் அப்பா. அவர் எப்போது படியிறங்கிப் போனார் என்று நான் கவனிக்கவில்லை. பக்கத்து வீடுகளின் வாசல் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மாப்பிள்ளை கையை எடுத்தார், எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். அப்பா கேட்டைப் பூட்டினார்.

உள்ளே வந்ததும் தங்கை என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மாடிப்படி விஷயத்தை உனக்கு யாரு சொன்னா அக்கா?"

"யாரும் சொல்லலடி. வாய்க்கு வந்ததை அடிச்சுவிட்டேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு மெல்ல ஸ்வெட்டரைக் கழற்றினாள். இடது முழங்கையிலிருந்து தோள்வரை கன்றிக் கறுத்திருந்தது. தொடப் போன என் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏண்டி, மாடியில இருந்து விழுறாளே, அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவாளா?"

தங்கை கதவைத் திறந்தாள்.

"பொழைச்சுக்கிட்டேம்மா," என்றாள்.