இரண்டு ஊருக்கு ஒரே லாகின்

பிரியங்காவின் பெயரை அடித்து, அப்பா பெயரை அடித்து, பிறந்த தேதிக்கு வரும்போது திரை மறுபடியும் போய்விட்டது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஓகேயை அமுக்கினேன். மவுஸை மேசையில் ஒரு குத்துக் குத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கிற பொருளுக்குத்தான் ஆபத்து.

"இன்னாக்கா, போச்சா?" என்றாள் பிரியங்கா.

"போவல. நீ சும்மா குந்து."

உத்திரமேரூர் பஜாரில் உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற காண்டிராக்டருடையது. ஆபீஸ் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், சுலோச்சனா ஆகிய நான். தலைமை ஆபீஸ் சர்வருக்குள் இங்கிருந்தபடியே நுழைந்தால் அதன் திரை என் முன்னால் விரியும். அதில்தான் பெயர்களை ஏற்ற வேண்டும். நெட் போன் லைனில் வருவதால், நெட் ஓடும்போது போன் பேச முடியாது. ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். ஏறின பெயருக்கு ஒரு நம்பர் விழும். அதைச் சொன்னால் நாளைக்குக் கம்பெனி பஸ், ஹாஸ்டலில் இடம். விட்டால் அடுத்த மாதம்தான்.

பிரியங்காவுக்கு அடுத்த மாதம் கிடையாது. பொங்கல் முடிந்துவிட்டது. நாளைக் காலையில் செங்கல் சூளை வண்டி அவர்கள் குடியிருப்புக்கு வருகிறது. வீட்டோடு போய் மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார்கள். கம்பெனி நம்பர் கையில் இருந்தால் மகளை மட்டும் விட்டுவிடுவதாகப் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் அவள் அம்மா கங்கம்மாள்.

"ப்ளஸ் டூ படிச்ச பொண்ணும்மா. ஒருவாட்டி சூளைக்குப் போச்சுன்னா அவ்ளோதான். நானும் ஒரு வருசம்னுதான் போனேன்," என்றாள் மகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த கங்கம்மாள்.

நெட்டை நிறுத்திவிட்டுத் தலைமை ஆபீஸ் ஏசுதாசைக் கூப்பிட்டேன். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன். கெட்டிக்காரன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"லைன் வீக்கா இருக்கும் மேடம். ரீஸ்டார்ட் பண்ணுங்க. எந்த பாக்ஸ் வந்தாலும் ஓகே குடுங்க."

"குடுத்துக் குடுத்து வெரலு தேஞ்சிபோச்சு ஏசுதாஸ்!"

வைத்துவிட்டான். மோடம் மறுபடி கீச்சிட்டது. உள்ளே போனால் காலையிலிருந்து வருகிற அதே பேஜார். நான் அடித்தது எதையும் காணோம், எவரோ ஒருவரின் விவரம் பாதி நிரம்பி நின்றது. வைரஸ் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் அதை மூடிக்கொண்டிருந்தேன். இப்போதும் மூடினேன். பிரியங்கா என்று அடிப்பதற்குள் திரும்பவும் பெட்டி.

அப்படி என்னதான் சொல்லித் தொலைக்கிறது என்று இந்தத் தடவை அந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேறொருவர் உள்ளே வந்துவிட்டதால் உங்களை வெளியேற்றிவிட்டோம் என்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. வாலாஜாபாத்தில் புது ஆபீஸ் திறந்திருக்கிறார்கள். ஏசுதாஸ் சோம்பேறித்தனப்பட்டு என் லாகினையே அவர்களுக்கும் கொடுத்திருக்கிறான். இரண்டு ஊருக்கும் ஒரே திரை; ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியே.

"இன்னாக்கா ஆச்சு?"

"வாலாஜாபாத்ல யாரோ என்னைத் தள்ளிவுட்டுக்கினு கீறாங்க. நான் அவங்களைத் தள்ளிவுட்டுக்கினு கீறேன். அவங்க அடிச்சதை நான் மூடறேன், நம்மளுதை அவங்க மூடறாங்க."

வாலாஜாபாத்துக்குப் போன் போட்டேன். எங்கேஜ்ட். அவர்களும் நெட்டில்தானே இருப்பார்கள்! ஏசுதாஸ் போனை எடுக்கவே இல்லை. ஐந்துக்குக் கால் மணிதான் பாக்கி.

மறுபடி நுழைந்து, அவளும் பார்க்கிற அந்தத் திரையிலேயே நோட்பேடைத் திறந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்: 'நான் சுலோச்சனா, உத்திரமேரூர். யாரும்மா நீ? வெளியே போ.' பெட்டி வந்தது. திரும்ப நுழைந்தபோது கீழே பதில் இருந்தது: 'நூருன்னிசா, வாலாஜாபாத். நீங்க போங்க. எனக்கு மூணு பேர் ஏத்தணும், எல்லாரும் முன்னாடியே நிக்கிறாங்க.'

நன்றாக நாலு வார்த்தை திட்டி அடித்தேன். பிறகு அழித்தேன். இப்படியே முட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒருவர்கூட ஏறமாட்டார்கள். யாராவது ஒருத்தி ஒதுங்கியாக வேண்டும். தெருக்குழாயடியில்கூட நான் ஒதுங்கினவள் இல்லை. ஆனால் பின்னால் பிரியங்கா மூச்சுவிடுவது என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் விவரம் முழுவதையும் மளமளவென்று நோட்பேடில் அடித்தேன். கடைசியில், 'இந்தப் பொண்ணையும் நீயே ஏத்திடும்மா. காலையில சூளைக்கு வண்டி ஏத்திடுவாங்க. நான் இனி உள்ளே வரமாட்டேன்,' என்று சேர்த்துவிட்டு நெட்டையே நிறுத்தினேன்.

"முன்னபின்ன தெரியாதவகிட்டயா குடுத்துட்ட? செய்வாளா?" என்றாள் கங்கம்மாள்.

"தெரியலம்மா."

தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எட்டிப் பார்த்தால் அவள் வெளியே விழுவாள். போன் போட்டுப் பார்த்தேன், எங்கேஜ்ட். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், வந்து உட்கார்ந்தேன். நான் எழுதினதை அவள் பார்த்தாளா, படித்தாளா, வைரஸ் என்று மூடிவிட்டாளா? கை தானாக மவுஸுக்குப் போனது. பிரியங்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா."

ஐந்து அடித்ததும் நுழைந்தேன். பட்டியல் மூடியிருந்தது. பிரியங்காவின் பெயர் இருந்தது, நம்பரோடு. நோட்பேடில் நூருன்னிசா எழுதியிருந்தாள்: 'உங்க பொண்ணை முதல்ல ஏத்திட்டேன். அப்புறம் எங்க ஆளு ஒருத்தர்தான் ஏறினார். அதுக்குள்ள மூடிட்டாங்க. மத்த ரெண்டு பேரையும் அடுத்த மாசம் வரச் சொல்லிட்டேன். திட்டிட்டுப் போறாங்க.'

பிரியங்கா அதைப் படித்து அம்மாவுக்குச் சொன்னாள். கங்கம்மாள் மகளின் தலையைத் தடவினாள். சிரிக்கவில்லை.

நெட்டை நிறுத்தி வாலாஜாபாத்துக்குப் போட்டேன். மணி அடித்தது. "ஹலோ" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல். ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். சண்டை என்றால்தான் எனக்கு வாய் வரும்.

கங்கம்மாள் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள்.

"யம்மா, பிரியங்கா அம்மா பேசறேன். ஏறாத அந்த ரெண்டு பேரும் யாரு பெத்த புள்ளைங்கம்மா?"