லாபிரின் அறிவித்தல்

விரல் நகத்தால் பள்ளிவாசல் மைக்கை மூன்று தரம் தட்டுகிறார், பாங்கு சொல்லும் மோதினார் அபூசாலி, டொக் டொக் டொக், முப்பது வருஷப் பழக்கம், இந்தத் தட்டல் கேட்டதும் பள்ளித் தெருவில் மாவிடிக்கிற உலக்கையும் நின்றுபோகும், யாருக்கு மௌத்தோ என்று பெண்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள், அறிவித்தல் இல்லாமல் ஒரு மையித்தும் இந்த ஊரில் மண்ணுக்குள் போனதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர, அந்த ஒன்று அவருடைய தங்கச்சி நபீலாவின் புருஷன், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் பென்சிலும் விற்ற கொப்பிக்கடை லாபிர், அல்லாஹ்வே, அன்றைக்கும் இப்படித்தான் தட்டினார், அஸர் தொழுகை முடிந்த நேரம், ஊரைக் கொளுத்த வெளியூர் ஆட்கள் லொறிகளில் வருகிறார்களென்று சந்தியில் நாற்பது ஆம்பிளைகள் பொல்லும் தடியுமாய் நிற்கிறார்கள், இன்ஸ்பெக்டர் பள்ளிக்குள் வந்து அவர் தோளில் கைபோட்டு, நீ சொல்லு மோதினார், ஊரடங்கு போட்டாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போ, கதவு மூடு, நாங்க இருக்குத்தானே என்று உடைந்த தமிழில் சொல்கிறார், தோளில் விழுந்த கையை அவர் நம்பினார், மடையன், காக்கிச் சட்டையை நம்பி மைக்கைத் தட்டிய மடையன், பொலிஸ் வந்துட்டு, எல்லாரும் ஊட்டுக்குப் போங்க, ஒத்தரும் ரோட்டுல நிக்க வாணாம் என்று அவர் சொல்லச் சொல்ல, லாபிர் சந்தியிலிருந்து பள்ளிவாசல் பக்கம் திரும்பிக் கையை உயர்த்திக் காட்டியது ஜன்னலில் தெரிந்தது, நீங்க சென்னா சரி மச்சான் என்கிற கை அது, இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, லொறிகள் வந்தன, பொலிஸ் ஜீப் முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தியிலேயே நின்றது, பள்ளித் தெரு வீடுகள் எரிந்தன, பள்ளிவாசலும் எரிந்தது, மைக்கும் எரிந்தது, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த நபீலாவும் பிள்ளைகளும் தப்பினார்கள், சொன்னபடி கதவைப் பூட்டி உள்ளேயிருந்த லாபிர் புகையில் மூச்சடைத்துப் போனான்.

அடக்கத்துக்குப் பத்துப் பேர்தான் வரலாமென்று ஆமிக்காரன் தலையை எண்ணி விட்டான், ஒலிபெருக்கி கூடாது, கூட்டம் சேரும் என்றான், கூட்டம் சேரத்தானே ஜனாஸா, அதை யாரிடம் சொல்ல, மண் போட்டுவிட்டுத் திரும்பிய அன்று நபீலா இந்த அண்ணனிடம் ஒரே ஒரு தரம் சொன்னாள், ஒங்கட சத்தம் கேட்டுத்தானே நானா, அவர் உள்ளுக்கு வந்தார், அதற்குப் பிறகு இரண்டு வருஷமாய் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எடுத்துத் திட்டித் தீர்த்திருந்தால் ஆறியிருப்பார். அப்புறம் விசாரணை ஆணைக்குழு வந்தது, கொழும்பிலிருந்து மூன்று கனவான்கள், மின்விசிறி, மினரல் தண்ணீர், யார் சொல்லச் சொன்னது, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள், தோளுல கையப் போட்டுச் சென்னாரு சேர், அதுக்கெல்லாம் பேப்பர் தருவாங்களா என்றார் இவர், அறிக்கை வந்தபோது அதில் இன்ஸ்பெக்டர் இல்லை, லொறி இல்லை, பள்ளிவாசல் அறிவித்தலால் தெரு பாதுகாப்பின்றி விடப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

இன்றைக்கு அரசாங்கச் செலவில் பள்ளிக்குப் புது வெள்ளை, புது ஒலிபெருக்கி, வாசலில் வாழைமரம், அமைச்சர் வந்து இறங்கியாயிற்று, அவருக்குப் பின்னால் அதே இன்ஸ்பெக்டர், தோளில் ஒரு நட்சத்திரம் கூடியிருக்கிறது, நிர்வாகத் தலைவர் மஃறூப் ஹாஜியார் ஒரு துண்டுக் காகிதத்தைத் திணித்து, இத மட்டும் வாசிங்க மோதினார், வேற ஒண்டும் பேச வாணாம், மானத்த வாங்கிடாதீங்க என்கிறார், மாண்புமிகு அமைச்சர் அவர்களை வருக வருகவென்று, எழுத்துகள் மங்குகின்றன, எந்த நாள் இது, அன்றா இன்றா, சந்தியில் யாரோ கையை உயர்த்துகிறார்கள், அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார், மைக்கைத் தட்டுகிறார், டொக் டொக் டொக், உலக்கைச் சத்தம் நிற்கிறது.

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன், ஜனாஸா அறிவித்தல், பள்ளித் தெரு கொப்பிக்கடை லாபிர் அவர்கள் வபாத்தானார்கள், அன்னார் நபீலாவின் கணவரும், மோதினார் அபூசாலியின் மச்சானும் ஆவார், பொலிஸ் வந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று இந்தப் பள்ளியில் சொன்னதைக் கேட்டு வீட்டிலிருந்தபோது வீடு எரிக்கப்பட்டு அன்னார் புகையில் வபாத்தானார், சொன்னவன் நான், சொல்லச் சொன்னவர் இப்போது எனக்குப் பின்னால் நிற்கிறார், நல்லடக்கம் முடிந்து இரண்டு வருஷம், அறிவித்தல்தான் பிந்திவிட்டது, மன்னிக்கவும்.

ஹாஜியார் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார், அபூசாலி மைக்கை விடவில்லை, செத்த மைக்கைப் பிடித்தபடி ஜன்னல் வழியே பார்த்தார், முதலில் நபீலாவின் கதவு திறந்தது, பிறகு பக்கத்து வீடு, பிறகு எதிர்வீடு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே ஆம்பிளைகள் ஒவ்வொருவராய் ரோட்டுக்கு இறங்கி, ஜனாஸாவுக்கு வருகிற மாதிரி பள்ளியை நோக்கி நடந்து வந்தார்கள்.